முழு வகுப்பும் டெல்லிக்குப் போக வேண்டும்

2025 செப்டம்பர் 3ஆம் தேதி டெல்லியில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம், பீடி மீதான வரியை 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைத்தது. பீடி இலைக்கு இருந்த 18 விழுக்காடு 5 ஆனது. திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் சுளவை மடியில் வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை பீடி சுற்றும் தாய்மாரின் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் நிறையப் பேர் படிக்கிறார்கள். அம்மாவின் விரல் செய்யும் வேலையைப் பற்றி எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள். அந்த அறை இருக்கும் ஊரை அந்தப் பிள்ளை பார்த்ததில்லை. பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தில் மத்திய அரசைப் பற்றி ஒரு பாடம் வருகிறது. குடியரசுத் தலைவர், மாநிலங்களவை, மக்களவை, உச்ச நீதிமன்றம் எல்லாம் அதில் உண்டு. பிள்ளைகள் மனப்பாடம் செய்து, எழுதி, மதிப்பெண் வாங்கிவிட்டு மறந்துபோகிறார்கள்.

அந்தப் பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் பேராத்துச் செல்வி அம்மன் கோவிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் வீடு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளை அரசின் செலவில் ஒருமுறை டெல்லிக்கு அழைத்துப் போக வேண்டும். வகுப்பில் முதல் ஐந்து பேரை மட்டும் அல்ல, வருகைப் பதிவேட்டில் பெயர் உள்ள அத்தனை பேரையும். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப்போக அரசு எதுவும் செய்யவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. 2022 நவம்பரில் கல்வி அமைச்சரே அரசுப் பள்ளி மாணவர்களை ஷார்ஜா புத்தகக் காட்சிக்கு அழைத்துப் போனார். அதன்பின் வேறு நாடுகளுக்கும் குழுக்கள் போய் வந்தன. படத்தைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. விமான நிலையத்தில் சீருடையோடு நிற்கும் அரசுப் பள்ளிப் பிள்ளையைப் பார்க்க இத்தனை காலம் ஆயிற்றே என்றிருந்தது. ஆனால் அவர்கள் எல்லாரும் போட்டியில் ஜெயித்தவர்கள். கதை எழுதத் தெரிந்தவர்கள், வினாடி வினாவில் வென்றவர்கள். அந்தத் திறமை உள்ள பிள்ளை எப்படியும் ஒருநாள் வெளியே வந்துவிடும். ஒரு கல்லூரியோ, ஒரு வேலையோ, ஏதோ ஒரு ரயில் அதற்குக் கிடைக்கும். கடைசி பெஞ்சில் இருக்கிறவன், காலையில் பால் போட்டுவிட்டு வருகிறவன், மாதத்தில் நாலைந்து நாள் தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள லீவு போடுகிறவள், இவர்களுக்குப் பள்ளிக்கூடம் காட்டாத ஊரை வேறு யார் காட்டப் போகிறார்கள்?

முழு வகுப்பும் போவது நடக்காத காரியம் என்பார்கள். நடந்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நல்ல மனிதர் பணம் தந்தார். பெயர் வெளியே தெரியக் கூடாது என்றார். ஒன்பதாம் வகுப்பு முழுவதையும் டெல்லிக்கு அழைத்துப் போனோம். கன்னியாகுமரியிலிருந்து ஹஜ்ரத் நிஜாமுதீனுக்கு வாரம் இருமுறை ஓடும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் திருநெல்வேலி வழியாகத்தான் போகிறது. 2,800 கிலோமீட்டருக்கு மேல். ஏறக்குறைய இரண்டு நாள் பயணம்.

அந்த இரண்டு நாளைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன். டெல்லியைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

எங்கள் மாவட்டத்துப் பள்ளிகளில் பிள்ளைகள் கையில் கட்டும் கயிற்றின் நிறம் என்ன சொல்கிறது என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. இங்கே ஆசிரியராக இருந்தவர்களுக்குத் தெரியும்: அது சாதியைச் சொல்கிறது. யார் யாரோடு உட்காருவது, யார் தண்ணீர் பாட்டிலை யார் வாங்கிக் குடிப்பது என்பதெல்லாம் அந்தக் கயிற்றில் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டியபோது நாடு முழுவதும் அதிர்ந்தது. அரசு ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அறிக்கையில் கயிறுகளுக்குத் தடை வேண்டும், மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்ற பரிந்துரைகளைப் படித்தபோது எனக்கு அந்த ரயில் பெட்டிதான் நினைவுக்கு வந்தது.

பெர்த்தை நாங்கள் அகர வரிசையில்தான் பிரித்துக் கொடுத்திருந்தோம். பெரிய யோசனை ஒன்றும் இல்லை. டிக்கெட்டில் பெயர் அப்படித்தான் இருந்தது, மாற்றிக்கொள்ளக் கூடாது என்று சொல்லிவிட்டோம். முதல் இரவு பையன்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். “டீச்சர், நான் அங்க அவன்கூட இருந்துக்கிடுதேன்” என்று ஆளாளுக்கு வந்து நின்றார்கள். அசையவில்லை. மறுநாள் மத்தியானம்வரை அவரவர் வீட்டு இட்லி, மிளகாய்ப்பொடி எண்ணெய் தடவி இலையில் கட்டியது, தாங்கியது. விஜயவாடா தாண்டியதும் சாப்பாட்டுப் பொட்டலம் காலியாகிவிட்டது. அதன்பிறகு இருந்தது யார் யார் வீட்டிலோ போட்டுக்கொடுத்த முறுக்கும் அதிரசமும் ஒருத்தி அம்மா கொடுத்துவிட்ட பெரிய டப்பா நிறையப் புளியோதரையும்தான். அதை எட்டுப் பேர் சேர்ந்து சாப்பிட்டார்கள். அந்த எட்டுப் பேரும் ஊரில் ஒரே தெருவில் நடந்து போகாதவர்கள்.

ஊர் திரும்பியதும் கயிற்றை மறுபடி கட்டிக்கொண்டவர்கள் உண்டு. வீட்டில் அண்ணன்மார் இருக்கிறார்கள், தெருவில் கொடிக்கம்பம் இருக்கிறது, ஒரு வாரத்தில் எல்லாம் கரைந்துவிடாது. ஆனால் அந்த வகுப்பு பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை பள்ளிக்கூடத்துக்குள் ஒரு கைகலப்பு வரவில்லை. மேல் பெர்த்தில் ஏறத் தெரியாமல் தவித்தபோது தூக்கிவிட்டவனை அடிக்க அவ்வளவு எளிதில் கை வராது. தேர்ந்தெடுத்த ஐந்து பேரை அனுப்பினால் இது நடக்காது. அந்த ஐந்து பேர் வேறு வேறு பள்ளியிலிருந்து வருவார்கள், விமானத்தில் போவார்கள், சான்றிதழோடு திரும்புவார்கள். வகுப்பறை இருந்தபடியே இருக்கும்.

இன்னொன்று, ஆறுகள். எங்கள் பிள்ளைகளுக்கு ஆறு என்றால் தாமிரபரணி. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும்வரை அது நம் மண்ணை விட்டு வெளியே போவதில்லை. இந்த ரயிலில் வைகை, காவிரி, கொள்ளிடம் மூன்றையும் தூக்கத்திலேயே கடந்துவிட்டோம். காலையில் எழுந்தவர்கள் நெல்லூரில் பெண்ணாற்றைப் பார்த்தார்கள். பிறகு கிருஷ்ணா வந்தது. அந்தப் பாலம் முடியவே முடியாது போல ஓடிக்கொண்டிருந்தபோது பெட்டியே அமைதியாகிவிட்டது. கோதாவரி இருட்டில் போயிற்று. விடியப்போகும் நேரத்தில் நர்மதை, பகலில் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் சம்பல் பள்ளத்தாக்கு. வரைபடத்தில் நீலக் கோட்டைத் தொட்டுக் காட்டி எத்தனையோ வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒரு பிள்ளைகூட ஒருநாளும் கேட்காத கேள்வியை அன்று ஜன்னலோரம் இருந்த ஒரு பையன் கேட்டான்: “டீச்சர், இந்தத் தண்ணியெல்லாம் யாருக்கு?” அதற்குப் பதில் சொல்லத்தான் நாடாளுமன்றம், உச்ச நீதிமன்றம், நடுவர் மன்றம் எல்லாம் இருக்கின்றன. மத்திய அரசு பற்றிய பாடத்தை அந்த இடத்திலேயே நான் ஆரம்பித்துவிட்டேன்.

பெண் பிள்ளைகளை அனுப்பச் சம்மதம் வாங்கியதுதான் பெரும்பாடு. ஒரு வீட்டுக்கு நான்கைந்து முறை போனேன். அந்த அம்மா பீடி சுற்றிக்கொண்டே பேசுவார், தலை நிமிர மாட்டார். “பொட்டப்புள்ளைய அவ்ளோ தூரம் எப்படி டீச்சர் அனுப்ப? நானே மெட்ராஸ் பாத்ததில்ல.” அந்தக் கடைசி வாக்கியம்தான் காரணம் என்று எனக்குப் பட்டது. தாய் பார்க்காத ஊருக்கு மகள் போவதில் பயமும் இருக்கிறது, சொல்ல முடியாத ஓர் ஏக்கமும் இருக்கிறது. போன் நம்பர் கொடுத்தோம், மூன்று பெண் ஆசிரியர்கள் கூட வருகிறோம் என்றோம், பெற்றோர் ஒப்புதல் கடிதத்தையும் முதன்மைக் கல்வி அலுவலர் அனுமதியையும் காட்டினோம். கடைசியில் கையெழுத்துப் போட்டவர், ரயிலடிக்கு வந்து மகளுக்குத் தன் தங்கக் கம்மலைக் கழற்றிப் போட்டுவிட்டார். பத்திரம் என்று நான் சொன்னதற்கு, “அது கெடக்கட்டும் டீச்சர், பட்டணத்துல நம்ம புள்ள வெறுங்காதோட நிக்கக்கூடாதுல்லா” என்றார்.

டெல்லியில் குதுப்மினார், செங்கோட்டை, இந்தியா கேட் எல்லாம் பார்த்தோம். அவை நன்றாகத்தான் இருந்தன. கூட்டத்தில் ஓடி ஓடிப் படம் எடுத்துக்கொண்டதில் பிள்ளைகள் மனத்தில் எது தங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நாளைக்கு ஏழு இடம் என்று திட்டம் போடும் சுற்றுலா முகவர்களிடம் பள்ளிக்கூடங்கள் பயணத்தை ஒப்படைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நின்று பார்க்க வேண்டியது நாடாளுமன்றத்தின் பழைய கட்டடத்தை. 1927இல் திறந்தது, இப்போது சம்விதான் சதன் என்று பெயர். எம்.பி. அலுவலகக் கடிதத்தோடு அன்று மைய மண்டபத்துக்குள் போனோம். 1946 டிசம்பர் 9 அன்று அரசியல் நிர்ணய சபை முதன்முதலாகக் கூடிய இடம் அது. அந்தச் சபையில் நம்ம பேட்டையில் 1896இல் பிறந்த ஒருவர் உறுப்பினராக இருந்தார் என்று சொன்னேன். பிள்ளைகள் நம்பவில்லை. பேட்டை என்றால் வண்ணார்பேட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் போகும் தூரம். காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் பெயரைக் கல்லூரிப் பெயராகவும் தெருப் பெயராகவும் கேட்டிருக்கிறார்கள். நம்ம ஊர்க்காரர் இங்கே உட்கார்ந்து சட்டம் எழுதும் பேச்சில் கலந்துகொண்டார் என்பது அவர்களுக்கு அன்றுதான் உறைத்தது. பேட்டையிலிருந்து வந்த ஒரு பையன் மண்டபத்தை விட்டு வெளியே வர மனமில்லாமல் நின்றான். வெளியே வளாகத்தில் காமராசர் சிலை இருந்தது. அதை அவர்களே கண்டுபிடித்துக் காட்டினார்கள்.

நிஜாமுதீன் ரயில் நிலையத்திலிருந்து அதிகத் தூரம் இல்லை, ஜங்புராவில் பாராபுல்லா சாக்கடையை ஒட்டி மதராஸி கேம்ப் என்று ஒரு குடியிருப்பு இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போனவர்கள் பல பத்தாண்டுகளாக வாழ்ந்த இடம். பெண்கள் அக்கம்பக்கத்து வீடுகளில் வேலை பார்த்தார்கள். பிள்ளைகள் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் தமிழ் படித்தார்கள். அங்கும் போனோம். தலைநகரம் என்றால் அகலமான சாலையும் வெள்ளைத் தூண்களும் மட்டும் இல்லை, நம் சனமும் அங்கே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறது என்று பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று அந்தக் குடியிருப்பை இடித்துவிட்டார்கள். முந்நூறுக்கு மேற்பட்ட வீடுகள். தகுதி உள்ளவர்கள் என்று கணக்கில் வந்தவர்களுக்கு ஊரின் வட கோடியில் நரேலாவில் இடம் கொடுத்தார்கள். இப்போது ஒருத்தி இல்லத்தரசியாகவும் ஒருத்தி கடை வேலைக்காரியாகவும் இருக்கும், அன்று கூட வந்த என் பழைய மாணவிகள் இருவர் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார்கள். செய்தித்தாளில் டெல்லி என்று வந்தால் புரட்டிவிட்டுப் போகாத இரண்டு பெண்கள் வண்ணார்பேட்டைப் பக்கம் இருக்கிறார்கள். குடிமைப் பாடத்தின் பலன் இதுதான் என்று நான் நம்புகிறேன்.

யமுனையையும் காட்டினோம். கரையில் நின்று நுரையைப் பார்த்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நம் ஆற்றில் கழிவு கலப்பதை நேரில் பார்க்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே 2024 நவம்பரில் திருநெல்வேலிக்கு வந்தார்கள். தாமிரபரணி இப்படியே போனால் எங்கே போய் நிற்கும் என்பதை எந்த விழிப்புணர்வுப் பேரணியும் அந்தப் பிள்ளைகளுக்கு யமுனையைவிட நன்றாகச் சொல்லியிருக்க முடியாது.

இனி பணம். ஸ்லீப்பர் டிக்கெட் ஓர் ஆளுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டி வருகிறது. கல்விச் சுற்றுலா போகும் மாணவர்களுக்கு ரயில்வே 50 விழுக்காடு சலுகை தருகிறது. கொரோனா காலத்தில் மூத்த குடிமக்கள் சலுகையை நிறுத்தியபோதும் மாணவர் சலுகையை நிறுத்தவில்லை; அதற்கு நன்றி சொல்ல வேண்டும். கிராமப்புற அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை 75 விழுக்காடு உண்டு. ஆனால் அது இரண்டாம் வகுப்புக்கு மட்டும். இரண்டு இரவு உட்கார்ந்துகொண்டே பதினான்கு வயதுப் பிள்ளைகளை யார் கூட்டிப் போவார்கள்? ஆக்ராவுக்குப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கு அந்தச் சலுகை பயன்படும், களக்காட்டுப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்குப் பயன்படாது. வண்ணார்பேட்டைப் பள்ளிக்கு அதுவும் இல்லை. மாநகராட்சிக்குள் இருப்பதால் நாங்கள் நகரம். இங்கே ஆற்றோரத் தெருக்களில் 2023 டிசம்பர் வெள்ளத்தில் புத்தகப்பையைப் பறிகொடுத்த பிள்ளைகள் எந்த விதத்தில் கிராமத்துப் பிள்ளைகளைவிட வசதியானவர்கள்?

ஆஸ்திரேலியாவில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. தலைநகர் கான்பெராவுக்கு 150 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் பள்ளிகளுக்கு அந்நாட்டு அரசு பயணச் செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது. தூரம் கூடக் கூடத் தொகையும் கூடுகிறது. நாடாளுமன்றத்தையும் பழைய நாடாளுமன்றக் கட்டடத்தில் உள்ள மக்களாட்சி அருங்காட்சியகத்தையும் போர் நினைவகத்தையும் பார்த்தாக வேண்டும் என்பது நிபந்தனை. ஜெர்மனியில் நாடாளுமன்ற உறுப்பினர் தன் தொகுதி மக்களைக் குழுவாகப் பெர்லினுக்கு அழைத்துவர அரசு உதவி கிடைக்கிறது.  தலைநகரிலிருந்து தூரத்தில் பிறந்தது பிள்ளையின் குற்றம் இல்லை, அந்தத் தூரத்தின் செலவை நாடு ஏற்க வேண்டும் என்ற எண்ணம் இந்த ஏற்பாடுகளில் இருக்கிறது. இந்தியாவில் இந்த எண்ணம் நம்மைவிட யாருக்கு அதிகம் தேவை?

முதலில் சொந்த மாவட்டத்தைப் பார்க்கட்டும் என்று சிலர் சொல்வார்கள். சரிதான். கொக்கிரகுளத்தில் 1987 முதல் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது, கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் இருக்கிறது, பக்கத்து மாவட்டத்தில் ஆதிச்சநல்லூர் அகழாய்வு இடம் இருக்கிறது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் அவற்றைப் பார்த்து முடிக்கலாம். ஸ்மார்ட் போர்டில் வீடியோ காட்டினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு, அகர வரிசையில் பெர்த் பிரித்த கதையை மறுபடி படிக்கச் சொல்வேன்.

நான் கேட்பது பெரிய தொகையும் இல்லை. தங்குமிடம் இலவசமாகக் கிடைத்தால் ஒரு பிள்ளைக்குப் போக வர ரயில், சாப்பாடு, உள்ளூர்ப் பேருந்து எல்லாம் சேர்த்து ஐயாயிரம் ரூபாய்க்குள் முடிக்கலாம் என்பது என் கணக்கு. தங்குமிடத்துக்கு வழி இருக்கிறது. தமிழ்க் கல்விக் கழகத்துக்கு டெல்லியில் ஏழு பள்ளிகள் உள்ளன. விடுமுறையில் வகுப்பறைகளைத் தரும்படி தமிழ்நாடு அரசு கேட்கலாம். அங்கே படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளே நம் பிள்ளைகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டட்டும். அரசின் விருந்தினர் இல்லம் ஒன்று டெல்லியில் பொதிகை என்ற பெயரில்தான் நிற்கிறது. பொதிகை அடிவாரத்துப் பிள்ளைகளுக்கு அதில் ஒரு வேளை சாப்பாடு போட்டு, அங்குள்ள அதிகாரிகள் அரை மணி நேரம் பேசினால் என்ன?

திருநெல்வேலி மக்களவைத் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் ஆண்டுக்கு ஓர் அரசுப் பள்ளி. எந்தப் பள்ளி என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்ய வேண்டும், தேர்ச்சி விழுக்காட்டைப் பார்த்து அல்ல. குலுக்கலில் வந்த பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிரிவு முழுவதும் போக வேண்டும், ஒரு பெயர்கூட விடாமல். நாடாளுமன்றத்துக்குள் 2023 டிசம்பர் 13 அன்று புகைக் குப்பி வீசியதற்குப் பிறகு பார்வையாளர் அனுமதியில் கெடுபிடி கூடியிருக்கிறது. ஆகவே எம்.பி. தன் கையாலேயே பரிந்துரை எழுதி, வாசலுக்கு வந்து பிள்ளைகளைக் கூட்டிப் போவது நல்லது. ஓட்டுக் கேட்டு அவர்கள் தெருவுக்கு வந்தவர்தானே.

காலம் என்று பார்த்தால் காலாண்டு விடுமுறைதான். அரையாண்டு விடுமுறையில் டெல்லியில் பனிமூட்டம், ரயில் மணிக்கணக்கில் தாமதமாகும், காற்றும் பிள்ளைகளுக்கு ஆகாது. செப்டம்பர் கடைசியில் புறப்பட்டால் அக்டோபர் 2 அன்று ராஜ்காட்டில் இருக்கலாம். முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ஒரு பெட்டி அளவுக்கு மொத்தமாக இடம் கேட்டு ரயில்வேக்கு எழுத வேண்டியதும் இருக்கிறது. எனவே ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் குலுக்கல் போட்டுவிட வேண்டும். ஜூலை முதல் வாரத்துக்குள் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்க ஆசிரியைகளுக்கு நேரம் தர வேண்டும். அதற்கு நானும் வரத் தயார்.